விற்ற பொருளை மீட்டும் வாங்கலாமோ?

உயிர்கள் பொருள்களைப் பற்றுதலும் விடுதலும் நாடோறும் நிகழ்வன. பற்றுங்கால் பொருளும் பற்றும் ஒருங்கே வந்து பொருந்துகின்றன. விடுங்காலோ அவை ஒருங்கே நீங்குவதில்லை. கையினின்றும் பொருள் ஒரு நொடியிற் போய்விடுகின்றது. அதன்மேற் சென்ற பற்று, அப்பொருள் இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டே பல்லாண்டு கிடக்கின்றது. பொருளை விட்டோர் பலராகவும் பற்றை விட்டோர் மிகச் சிலராகவும் இருத்தற்கு இதுவே காரணம். இதுபற்றியே மெய்ந்நூல்கள், பொருளை எறிந்துவிடுக என்பதோடு அமையாது, அதன்கண் ஓடிய மனத்தை மீட்குமாறு நம்மை வற்புறுத்துகின்றன.

இவ்வுண்மை, ஒருவர் தாம் விற்ற பொருளையே மீட்டும் வாங்க விழையுங்கால் நன்கு புலனாகும். பெறாத பொருளின்மேற் செல்லும் ஆசை, அதனை இன்னதென்று அறியாமையால் எழுவது. கையிலுள்ள பொருளின்மேல் நிற்கும் ஆசை, பழக்கத்தால் நிலைப்பது. ஒருமுறை பெற்று, நுகர்ந்து, போதுமென்று தாமே விலைக்குக் கொடுத்தபின்னரும் அதனையே நாடும் ஆசை எதனால் எழுகின்றது? இவ்வினா அண்மையில் எளியேன் இல்லத்தில் எழுந்தது. எழுப்பியவன் என் மகன். அவன் குறித்த பொருளோ, இத்தகைய பத்திரிகையிற் பேசுதற்கு ஏலாதது போலத் தோன்றும் ஒரு வீடியோ கேம். பொருள் சிறிதாயினும் வினா நம் சித்தாந்தத்துக்கு உரியதாகலின், அன்பர்கள் பொறுமையோடு கேட்குமாறு வேண்டுகின்றேன்.

அவ்விளையாட்டின் இயல்பை முதற்கண் கூறுவேன். ஜப்பான் தேயத்து நின்டெண்டோ நிறுவனத்தார் கேம்பாய் என்னும் கையடக்கக் கருவியை 1989-ஆம் ஆண்டிலும், அதனை வண்ணத் திரையுடையதாக்கி 1998-ஆம் ஆண்டிலும் வெளியிட்டனர். அதன் முதுகிற் செருகத்தக்க சிறு பெட்டிகளாக விளையாட்டுக்கள் தனித்தனி விற்கப்பட்டன. அப்பெட்டியைக் காட்ரிட்ஜ் என்பர். அவற்றுள் பெயர்பெற்றதொன்று போக்கிமான் என்பது. அதனை வகுத்த சத்தோஷி தஜிரி என்பார் தம் இளமையிற் பூச்சிகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்து மகிழ்ந்தவர். அம்மகிழ்ச்சியையே பிற சிறுவர்க்கும் விளையாட்டாக்கித் தந்தனர். அதன் இரண்டாந் தலைமுறை, தங்கம், வெள்ளி என்னும் பெயர்களோடு இரு பதிப்புக்களாக ஜப்பானில் 1999-ஆம் ஆண்டிலும், அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டிலும் வெளிவந்தது. கற்பனையாகிய 251 விலங்குகளைத் தேடிப் பிடித்தலும், வளர்த்தலும், பிறர் வளர்த்தவற்றோடு பொருதச் செய்தலும் அவ்வாட்டத்தின் தொழில்.

இதன்கண் ஒரு நுட்பம் உண்டு. தங்கப் பதிப்பில் அகப்படும் விலங்குகள் சில, வெள்ளிப் பதிப்பில் அகப்படா. வெள்ளியில் அகப்படுவன சில, தங்கத்தில் அகப்படா. வேறு சில விலங்குகள், ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாறினாலன்றி வளர்ந்து வடிவு மாறுவதில்லை. ஆகவே இரு சிறுவர் தத்தம் கருவிகளை ஒரு கம்பியால் இணைத்துக்கொண்டு, தம்மிடம் உள்ளதைக் கொடுத்து இல்லதைப் பெறுதல் வேண்டும். தனியொருவன் தன் ஒரு பெட்டியைக்கொண்டு எத்துணைக் காலம் முயன்றாலும் ஆட்டம் முற்றுப்பெறாது. இதனை அன்பர்கள் நினைவிற் கொள்க; பின்னர் வேண்டப்படும்.

2001-ஆம் ஆண்டுக் கோடையில், சிங்கப்பூரிலிருந்து வந்த என் மைத்துனர், அப்பொழுது 11 வயதினனாகிய என் மகனுக்கு வெள்ளிப் பதிப்பையும், 13 வயதினனாகிய என் தங்கை மகனுக்குத் தங்கப் பதிப்பையும், இருவர்க்கும் பொதுவாக ஒரு கம்பியையும் கொண்டுவந்து கொடுத்தார். அவ்விரு சிறுவரும் விடுமுறைதோறும் எம் வீட்டுத் திண்ணையில் அக்கம்பியின் இரு தலையையும் பற்றிக்கொண்டு அமர்ந்திருப்பர். மின்சாரம் போனபொழுது தெருவிளக்கை நாடிச் செல்வர். 2007-ஆம் ஆண்டில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குரிய நூல்கள் வாங்கும்பொருட்டு, என் மகன் தன் கருவியையும் காட்ரிட்ஜையும் உடன் பயின்ற ஒருவனுக்கு 600 ரூபாய்க்கு விற்றான். விற்கும்பொழுது அவன் வருந்தியதாக நினைவில்லை. ஆட்டத்தில் அவனுக்குச் சுவை தீர்ந்திருந்தது.

இப்பொழுது அவன் சென்னையிற் கணிப்பொறித் தொழில் செய்கின்றான்; அவனுக்கு ஒரு மகளும் உண்டு. பழம்பொருள் விற்பார் ஒருவரிடத்து அவ்வெள்ளிப் பதிப்பு, கருவியோடு 6,000 ரூபாய்க்கு வந்திருப்பதைக் கண்டு, என்பால் வினவினான்: “பணம் ஒரு பொருட்டில்லை, அப்பா. வாங்கினால் இரண்டு நாள் ஆடிவிட்டு அலமாரியில் வைத்துவிடுவேனோ என்று தோன்றுகிறது. வாங்க வேண்டாம் என்று இருந்தாலோ, மனம் அதைவிட்டு வரமாட்டேன் என்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?”

மடத்திலே தமிழும் சாத்திரமும் ஓதிய எளியேனுக்கு இவ்விளையாட்டின் சுவை தெரியாது. ஆயினும் ஒரு வினாவைப் பகுத்து நோக்கும் முறையை ஆசிரியன்மார் கற்பித்துள்ளனராகலின், அம்முறையானே அவனோடு சிலநாள் ஆராய்ந்தேன்.

முதலாவது, வாங்கப்படுவது அப்பொருள்தானோ என்பது. விற்றபொழுது அப்பெட்டியினுள் அவன் ஆடியது அனைத்தும் பதிந்திருந்தது. அப்பதிவு, உள்ளே வைத்த வட்டமான சிறு மின்கலத்தின் வலியால் நிற்பது. இப்பதிப்பில் பகலிரவைக் காட்டும் கடிகாரம் ஒன்றும் அம்மின்கலத்தாலேயே, கருவி அணைந்திருக்கும்பொழுதும் ஓடுகின்றது. அம்மின்கலம் ஓய்ந்தவுடன் பதிவும் அழியும். அன்றியும், ஒரு பெட்டியில் ஒருவருடைய ஆட்டத்துக்கே இடமுண்டு. வேறொருவர் புதிதாகத் தொடங்கிப் பதிந்தால் முன்னையது மறையும். எனவே இப்பொழுது விலைக்கு வந்திருப்பது, இனத்தால் ஒன்றாயினும் அவன் விற்ற அப்பொருள் அன்று. ஒருகால் அதே பெட்டியே சுற்றிச் சுழன்று வந்திருப்பினும், அவன் வளர்த்த விலங்கு ஒன்றேனும் அதனுள் இராது.

அவ்விளையாட்டைப் புதிய உருவிற் பெறலாகாதோ எனின், 2009-ஆம் ஆண்டில் அது புதுக்கி வெளியிடப்பட்டது. பழைய வடிவிலேயே 2017-ஆம் ஆண்டில் வேறொரு கருவிக்கு இணையவழி விற்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவ்விணையக் கடை விற்பனையை நிறுத்திவிட்டமையால் அவ்வழியும் அடைபட்டது. இவற்றை என் மகன் முன்னரே அறிந்திருந்தும், திறந்திருந்த காலத்தும் அவ்வழிச் சென்றானல்லன். “அது அந்தப் பெட்டி இல்லையே, அப்பா” என்றான். இவ்விடையால், அவன் மனம் ஆட்டத்தை மட்டும் நாடவில்லை என்பது விளங்கிற்று.

இரண்டாவது, நுகர்ச்சி மீளுமோ என்பது. நுகர்ந்த வினை நுகர்ச்சியாற் கழியும் என்பது நம் கொள்கை. அன்று அவன் பெற்ற இன்பம் அன்றே கழிந்தது. மேலும் நுகர்வோனும் அன்றிருந்த நிலையினன் அல்லன். உயிர் சார்ந்ததன் வண்ணமாதலை இயல்பாக உடையது. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறு போல, அன்று பள்ளியையும் திண்ணையையும் சார்ந்து நின்ற உயிர், இன்று அலுவலையும் குடும்பத்தையும் சார்ந்து வேறு நிறங் காட்டுகின்றது. பொருள் அதுவேயாயினும் சார்பு வேறாதலின் நுகர்ச்சியும் வேறாம்.

அற்றேல், நாடோறும் ஓதிய திருப்பதிகத்தையே மீட்டும் ஓதுகின்றோமே, அது வீணோ எனின், ஆகாது. புதுமை காரணமாக வந்த சுவை புதுமையோடு தீரும். ஓதுந்தோறும் உணர்வை விளக்குவது உணர்வு வளருந்தோறும் புதிதாகும். ஒருவர் அவ்விளையாட்டை வாங்கி இப்பொழுதைய தம் அறிவுக்கு ஏற்ப ஆடி மகிழின், அதனை யாரும் குறைகூற வேண்டா. அது புதியதொரு நுகர்ச்சி. பழைய நுகர்ச்சியை மீட்பான் புகுவாரே ஏமாற்றமடைவர்.

மூன்றாவது, விட்டதை மீளக் கொள்ளுதல் இழுக்கன்றோ என்பது. நம் சமயம் அவ்வாறு கூறவில்லை. நம்பியாரூரர், திருமுதுகுன்றத்திற் பெருமான் அருளிய 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்திற் பெற்றனர். இடுமுன்னர் அப்பொன்னில் மாற்றறியும் பொருட்டுச் சிறிது மச்சம் வெட்டி எடுத்து வைத்து, பெற்றபின்னர் அதனோடு ஒப்பவைத்து உரைத்துப் பார்த்தனர் என்பது பெரியபுராண வரலாறு. கைவிட்டதைக் கொள்ளலாம், கொள்ளுங்கால் உரைத்துப் பார்த்துக் கொள்ளுதல் வேண்டும் என்பது இதனால் யாம் கொள்ளத்தக்க துணிபு.

எளியேன் வாழ்விலும் ஒன்று உண்டு. பணியினின்று ஓய்வு பெற்றுச் சிறிய வீட்டுக்குக் குடிபுகுந்தபொழுது, இடம் போதாமையால் நூல்கள் பலவற்றை விற்றேன். அவற்றுள் சிவஞான முனிவர் இயற்றிய சிவஞான மாபாடியமும் ஒன்று. ஈராண்டு கழித்து, மாணவர் நால்வர் பாடங்கேட்க வந்தனர். வேறொரு பதிப்பை வாங்கினேன். விற்றதும் வேண்டி விற்றது. வாங்கியதும் வேண்டி வாங்கியது. விற்ற அப்பிரதியில் என் கைக்குறிப்புக்கள் பல இருந்தன. அவற்றைத் தேடி யான் அலையவில்லை. மாணவர்க்கு வேண்டியது நூலின் பொருளாதலின், புதிய பிரதி அதற்குப் போதியதாயிற்று. பயன் இன்னதென்று தெளிந்தவிடத்து, வாங்குவதா விடுவதா என்னும் ஐயம் நெடிது நில்லாது.

ஆகலின் என் மகனைப் பயன் பற்றியே வினவினேன். “அந்த ஆட்டத்தை நினைக்கும்போது முதலில் உன் கண்முன் வருவது எது?” என்றேன். விலங்குகளின் பெயரைச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்து, “அந்தக் கம்பி, அப்பா. அதன் மறுமுனையில் அத்தான் உட்கார்ந்திருப்பார்” என்றான்.

இவ்விடத்து, சொல்லுதற்கு அரிதாயினும் சொல்லவேண்டுவதொன்று உளது. எம் தந்தையார் வைத்துச்சென்ற வீடு 2012-ஆம் ஆண்டில் எனக்கும் என் தங்கைக்கும் பாகமாகியது. அதன்பின் இரு குடும்பத்துக்கும் போக்குவரவு குன்றியது. நியாயம் யார் பக்கலது என்பது ஈண்டு ஆராயப்படவில்லை. திருமணத்துக்கும் இழவுக்கும் வந்து நின்று செல்லுதல் ஒழிந்து வேறு பேச்சில்லை. எம்முள் நேர்ந்த இவ்விடைவெளியில் யாதொரு தொடர்பும் இல்லாத இரு பிள்ளைகளும், பெரியோர் முகம் நோக்கி, தாமும் பேசாதொழிந்தனர். கம்பியின் ஒருமுனை சென்னையிலும் மறுமுனை கோவையிலும் ஆகி ஆண்டுகள் பல சென்றன. இதனை என் மகன் ஒருநாளும் என்னிடம் முறையிட்டதில்லை. அவன் ஒரு பழைய விளையாட்டின் விலையைக் கேட்டான், அவ்வளவே.

அவன் விடை கேட்டமாத்திரத்தில் திருநீலகண்ட நாயனார் வரலாறு என் நெஞ்சில் எழுந்தது. தில்லையில் வேட்கோவர் குலத்து அப்பெரியார், ஒருகாலத்து நிகழ்ந்த பிழை காரணமாக மனைவியார் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டற்க என்று கூற, அவ்வாணைக்குப் பணிந்து, ஒரே இல்லத்தில் வாழ்ந்தும் தீண்டாதவராய் இருவரும் முதுமை எய்தினர். பெருமான் சிவயோகியாராக எழுந்தருளி ஒரு திருவோட்டைக் காக்கும்படி கொடுத்து, அது வைத்த இடத்தினின்று மறையச்செய்து, பின் வந்து அதனையே வேண்டினார். நாயனார் வேறு நல்ல ஓடு தருவேம் என்றார். பொன்னால் ஆக்கித் தந்தாலும் கொள்ளேம், கொடுத்த அவ்வோடே வேண்டும் என்றார் யோகியார்.

எல்லாவற்றையும் உடைய பெருமானுக்கு ஒரு மண்ணோட்டின்மேல் இத்துணை விருப்பம் என்னையோ என்று இவ்வரலாற்றை ஓதுவார்க்கு முதலில் ஐயம் எழும். முடிவை நோக்கியவழி ஐயம் தீரும். ஓட்டைத் திருடவில்லையெனின் மனைவி கைப்பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியஞ் செய்க என்றார். மூங்கிற்கோல் ஒன்றின் இருமுனையையும் இருவரும் பற்றி, தீண்டலாகாத காரணத்தைக் குளத்தின்கண் அனைவரும் அறியக் கூறி நாயனார் மூழ்கினார். எழுந்தபொழுது முதுமை நீங்கி இளமை பெற்றனர். அந்நிகழ்ச்சியின் பெயரால் இளமையாக்கினார் கோயில் இன்றும் சிதம்பரத்தில் உள்ளது. இதில் அன்பர்கள் ஒன்றை உற்றுநோக்குக. ஓடு மீண்டு நாயனார் கைக்கு வந்ததாக வரலாறு அதனைப் பெரிதுபடுத்தவில்லை. ஓட்டை வேண்டியதன் கருத்து, பல்லாண்டு பிரிந்து நின்ற இருவரை ஒரு கோலின் இருமுனையிற் சேர்த்தலாயிற்று.

ஒரு சிறுவர் விளையாட்டை அத்திருவோட்டோடு ஒப்பவைத்தல் தகுமோ என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். பொருளோடு பொருளை ஒப்பிடுகின்றேனல்லேன். பெருமான் உயிர்களை நடத்தும் முறை, பெரிய பொருளாலும் சிறிய பொருளாலும் ஒருபடித்தாகவே நிகழ்வது. இழந்த ஒரு பொருளின்மேல் மனம் காரணமின்றிச் செல்லுங்கால், அப்பொருளை இடனாகக்கொண்டு நாம் திரும்பவேண்டிய ஓரிடம் குறிக்கப்படுகின்றதோ என்று நோக்குதல் தகும் என்பதே கருத்து.

ஆகவே என் மகனுக்கு யான் கூறியது இது: “தம்பி, வாங்குவதையும் விடுவதையும் சிறிது தள்ளி வை. முதலில் அத்தானோடு பேசு. பேசியபின் இந்தப் பெட்டி வேண்டுமென்று தோன்றினால் வாங்கு. வேண்டாமென்று தோன்றினால் விட்டுவிடு. இரண்டும் சரியே.” அவன் என் முகத்தை நோக்கி, “நீங்கள் அத்தையோடு பேசுவீர்களா?” என்றான். அவ்வினாவுக்கு விடைகூற எனக்கு ஓரிரவு வேண்டியிருந்தது. மறுநாட் காலையில் அனுட்டானம் முடித்து, என் தங்கைக்குத் தொலைபேசியிற் பேசினேன். அவள் உடல்நலம் வினவினாள்; யானும் வினவினேன். வீட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை.

என் மகனும் அன்றே கோவைக்குப் பேசினான். அவன் அத்தானிடம் அத்தங்கப் பதிப்பு இன்னும் இருந்தது. மின்கலம் ஓய்ந்து, பதிவு முற்றும் அழிந்திருந்தது. அதன்பின்னரே என் மகன் வெள்ளிப் பதிப்பை வாங்கினான். சென்னை ரிச்சித் தெருவிற் கைவினைஞர் ஒருவர் இரு பெட்டிகளுக்கும் புதிய மின்கலம் வைத்துக் கொடுத்தார். பொங்கல் விடுமுறையில் அவர்கள் எம் இல்லத்துக்கு வந்தபொழுது, ஆட்டம் முதலிலிருந்து தொடங்கப்பெற்றது. கம்பியின் ஒரு முனை என் பேத்தி கையிலும், மறுமுனை தங்கையின் பேரன் கையிலும் இருந்தன. தகப்பன்மார் இருவரும் அருகிருந்து வழிகாட்டுகிறோம் என்னும் பெயரால் அக்குழந்தைகளை ஆடவிடாது தடுத்துக்கொண்டிருந்தனர். என் தங்கையும் வந்திருந்தாள். பகலுணவு கொண்டாள்; இரவு தங்கவில்லை. அவ்வளவேனும் கூடியது திருவருள்.

இதனால் அன்பர்க்கு யான் விண்ணப்பிப்பது இவ்வளவே. விற்றதொன்றை மீட்டும் வாங்க மனம் எழுமாயின், அதனை உடனே அடக்கவும் வேண்டா, உடனே நிறைவேற்றவும் வேண்டா. அப்பொருளால் இன்று ஒரு பயன் உண்டாயின் தடையின்றி வாங்குக. கழிந்த நுகர்ச்சியை வேண்டின், அது எவ்விலைக்கும் வாராதென்று தெளிந்து அமைக. ஒருவரை வேண்டி அவர்க்கு ஈடாகப் பொருளை நாடுகின்றோமாயின், உயிரோடிருப்பாரை நேரிற் சென்று காண்க. சிவனடி சேர்ந்தாரை வழிபாட்டில் நினைக. அதன்பின் பொருள் வந்தாலும் வாராவிடினும் உள்ளம் ஒருபடித்தாக நிற்கும். இருவினையொப்பு என்று சாத்திரங்கள் கூறும் பெருநிலைக்கு நாம் நெடுந்தொலைவில் உள்ளோமாயினும், இத்தகைய சிறு பொருள்களின்கண் அதனைப் பயிலுதற்குப் பெருமான் நாடோறும் வாய்ப்பளிக்கின்றான். பொருள்வழியே பற்றையும், பற்றின்வழியே அன்பையும் நாம் அறியுமாறு உடனின்று உணர்த்தும் அவன் திருவடிகளை வணங்குதும்.

திருச்சிற்றம்பலம்.